தோசைக்கல்லின் பின்வரிசை

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் மணியார்டர் பாரத்திலும் மளிகைச் சீட்டிலும்தான். ல, ள, ழ மூன்றும் என்னிடம் இடம் மாறித்தான் நிற்கும். போதாததற்கு இதை எழுதுகிற வலது கை பல மாதம் முடங்கிக் கிடந்த கை. கோடு கோணினால் பழியில் பாதியை அதன் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண். "அங்கிள், ஜிம் இல்லாம, மெஷின் இல்லாம வீட்லயே எப்படி சரி பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க. நம்ம ஊர்க்காரங்க யாராவது வந்தா நான் குடுப்பேன்" என்றாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்த தைரியத்தில்தான் சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

டெல்லியில், முனிர்காவில் ஒரு மெஸ்ஸில் நான் தோசை மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கல் முன்னால் நிற்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள், வேலை தேடி வந்தவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் என்று நம் ஊர் ஆட்கள்தான் அங்கே அதிகம் சாப்பிட வருவார்கள். எனக்கு இந்த வேலை பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. கல்லைப் பார்த்து நின்றால் சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார்கள். "மாஸ்டர், ரெண்டு நெய் ரோஸ்ட்" என்று குரல் மட்டும் வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டாம், சுட்டுக் கொடுத்தால் போதும்.

அந்தக் கல்லில் ஒரே நேரத்தில் ஆறு தோசை ஊற்றலாம். முன்வரிசையில் மூன்று, பின்வரிசையில் மூன்று. கூட்ட நேரத்தில் ஆறும் ஓடினால்தான் மெஸ் ஓடும்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் சட்டை மாட்டும்போது சுருக்கென்றது. பிறகு மேல் பரணில் இருக்கிற டப்பாவை எடுக்க முடியவில்லை. தூக்கக் கலக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருப்பேன் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் கை முன்னால் நீளவே மறுத்தது. மாவை எடுத்து முன்வரிசையில் தேய்த்துவிடுவேன். பின்வரிசைக்குக் கரண்டி போகும் முன் தோளில் யாரோ ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பின்னால் வந்து நின்றார்.

"மாஸ்டர், பின்னாடி மூணும் ஏன் காலியா கெடக்கு?"

எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "பின்பக்கம் அடுப்பு சரியா எரியல அண்ணாச்சி" என்றேன்.

அவர் மறுநாளே அடுப்பு ரிப்பேர்காரரை வரவழைத்துவிட்டார். அந்த மனிதர் பர்னரைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். எல்லாம் ஒழுங்காக எரிந்தது. "அடுப்புல ஒண்ணும் இல்ல" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கரண்டியைப் பார்த்தேன்.

"கைய தூக்குங்க பாப்போம்" என்றார்.

தூக்கினேன். மார்பு வரைக்கும் வந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பொங்கல் வரைக்கும் சட்னி, காய் வெட்டுற பக்கம் நில்லுங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன். கல்லுக்கு வேற ஆள் போடுதேன். பொங்கலுக்கு அப்புறமும் கை வரலன்னா, ரெண்டு மாஸ்டர் வச்சிக்கிற அளவுக்கு நம்ம மெஸ்ஸு பெருசு இல்ல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு ஐம்பத்தொரு வயது. தோசை ஊற்றுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. புதிதாக வந்தவர் பீகார்க்காரர், குர்காவ் பக்கம் ஏதோ ஓட்டலில் தோசை கற்றவர். அவர் தோசை நன்றாகவே இருந்தது. அதுதான் என் கவலை.

மெஸ்ஸில் சாப்பிடுகிற ஒருவர், "மாஸ்டர், ஜிம்முக்குப் போங்க. ஷோல்டர் தன்னால ஃப்ரீ ஆகிடும்" என்றார். என் மனைவியும் போகச் சொல்லி விரட்டினாள். எங்கள் சந்திலேயே ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே பாட்டு, நான்கு பக்கமும் நிலைக்கண்ணாடி. இறுக்கமான பனியனில் வாலிபர்கள் இரும்பைத் தூக்கி தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற என்னைப் பார்த்து ஒருவர் கதவைத் திறந்து, "ஆயியே அங்கிள், க்யா சாஹியே?" என்றார். வாங்க, என்ன வேண்டும் என்று அன்பாகத்தான் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தபடி, "பையா, தூத் கஹாம் மிலேகா?" என்றேன். பால் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டேன்.

அவர் கை காட்டினார். காட்டிய பிறகு வாங்காமல் திரும்பினால் நன்றாக இருக்காது என்று ஒரு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி பாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏங்க, ஜிம்முல சேந்தா பால் குடுக்குறாங்களா? அப்ப நாளைக்கு நானும் வரேன்."

அன்று மாலை முழுக்க சிரித்தாள். அதற்கு மறுநாள் அவள் வேலைக்குப் போகிற இரண்டு வீட்டிலும் லீவு சொல்லிவிட்டு, என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தனியாக அனுப்பினால் இன்னொரு பாக்கெட் பாலோடு வந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் கையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தோள் மூட்டு இறுகிவிட்டது, என்னைப் போல் சர்க்கரை இருப்பவர்களுக்கு இது வருவதுண்டு, மெதுவாகத்தான் விடும் என்றார். பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கேதான் அந்தப் பெண் இருந்தாள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் முனகுவதைக் கேட்டுவிட்டு, "அரே, நீங்க தமிழா? நானும்தான்" என்றாள்.

"இங்க தெனமும் வரணுமாம்மா?" என்று கேட்டேன். வேலை போய்விடுமே என்ற பயம்.

"வேணாம் அங்கிள். வீட்ல சுவர் இருக்கா?"

"இருக்கும்மா."

"துண்டு? தண்ணி பாட்டில்? நாற்காலி?"

"இருக்கு."

"அச்சா, அப்போ உங்க வீடே ஜிம்தான்."

நான்கு பயிற்சி செய்து காட்டினாள். இடது கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, சின்ன வட்டமாகச் சுழற்ற வேண்டும். சுவரைப் பார்த்து நின்று விரல்களை மேலே நடத்த வேண்டும், எட்டுகிற உச்சியில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து நல்ல கையால் மெல்ல மேலே இழுக்க வேண்டும். கம்பு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் பத்து எண்ணும் வரை பிடி, விடு, மறுபடி பிடி. செய்யும் முன் தோளுக்கு ஒத்தடம். படம் போட்ட இங்கிலீஷ் தாள் ஒன்றும் கொடுத்தாள். படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு நான்காவது மாடியில் ஒரே அறை. கட்டில், கேஸ் அடுப்பு, பீரோ போக, இரண்டு முழ அகலத்துக்குச் சுவர் காலியாக இருந்தது. மனைவி வாணலியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். நான் பயிற்சி செய்வேன். குனிந்து வட்டம் சுழற்றுவது எனக்கு உடனே வந்துவிட்டது. நடுவில் தொடங்கி வெளியே விரிகிற வட்டம். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வட்டம்தானே.

தப்பு எங்கே செய்தேன் என்றால், பிடித்து நிறுத்துகிற நேரத்தில். பத்து எண்ணச் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் பத்து என்பது எனக்கு ஒரு நேரமாகவே தோன்றவில்லை. நான் வேலையில் எதையும் எண்ணிச் செய்தவன் இல்லை. ஒரு தோசை வேக ஒரு நேரம் இருக்கிறது. அடிப்பக்கம் சிவந்து, ஓரம் தானாக எழும்பும் வரை. அதற்கு முன்னால் எடுத்தால் பச்சையாக இருக்கும். பத்து எண்ணி எடுத்த தோசையை யார் சாப்பிடுவார்கள்? பயிற்சியும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சுவரில் கையை உச்சியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மனதுக்குள் ஒரு தோசை சிவக்கும் வரை நிற்பேன். வலித்தது. வலித்தால் வேகிறது என்று நினைத்தேன்.

எதிர்க் கட்டிடம் எங்கள் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரம். அங்கே இருக்கிற ஹரியானா அம்மாள் ஒருநாள் என் மனைவியிடம், "உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? தினமும் சுவத்துல ஒட்டிக்கிட்டு அழறாரே" என்று இந்தியில் கேட்டுவிட்டார். நான் அன்றிலிருந்து திரையை இழுத்துவிட்டேன். அந்த அம்மாள் அதோடு விடவில்லை. ஒரு பாட்டில் கடுகெண்ணெயை ஜன்னல் வழியாகவே நீட்டி, தோளில் தேய்த்துவிடச் சொன்னார். அவர் முகத்தை நான் இன்னும் நேராகப் பார்த்ததில்லை. எண்ணெய்க்கு நன்றி சொன்னதுகூட மனைவிதான்.

பன்னிரண்டாம் நாள் கை மோசமாகிவிட்டது. டீ டம்ளரைத் தூக்க முடியவில்லை. மெஸ்ஸில் வெங்காயம் வெட்டுவதையும் இடது கையால் செய்து விரலை வெட்டிக்கொண்டேன். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஊருக்கே போயிரலாம்" என்றேன்.

"ஊருல போயி?"

நான் வெட்டுப்பட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். அந்தப் புள்ளகிட்ட நீங்களே பேசணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள்.

சொன்னபடியே மறுநாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் என் தோளைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அங்கிள், என்ன பண்ணீங்க? எவ்ளோ நேரம் ஹோல்ட் பண்றீங்க?"

"ஒரு தோசை வேகுற நேரம்மா."

"அது எவ்ளோ?"

"செவந்து, ஓரம் எழும்புற வரைக்கும்."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவள் சிரித்து முடித்துவிட்டு, நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவசர அவசரமாக ஆட்கள் வந்துபோகிற அந்த அறையில் அப்படி யாரும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

"சரி, எண்ண வேணாம். மாவை ஊத்தி, தேய்ச்சு, கரண்டிய எடுப்பீங்க இல்ல? அத செய்ங்க, நான் பாக்குறேன்."

நான் இடது கையால் காற்றில் ஒரு தோசை ஊற்றித் தேய்த்தேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னு நிதானமா இன்னொண்ணு."

இன்னொன்று ஊற்றினேன்.

"ஹாம், இவ்ளோதான். தேய்ச்சு முடிச்சதும் விட்டுடணும். வேக வைக்கக் கூடாது அங்கிள். ஜல்தி வேணாம். இழுக்குற மாதிரி இருக்கணும், அழுகை வரக் கூடாது. ஒரு வாரம் வட்டம் மட்டும் சுத்துங்க. அப்புறம் மத்தது."

இருபத்தைந்து வயது கூட இருக்காது அவளுக்கு. எனக்குத் தெரிந்த அளவை வைத்து எனக்குப் புரிய வைத்தாள். தாளைப் படித்தீர்களா என்று கேட்டு என்னை வெட்கப்படுத்தவும் இல்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து பயிற்சிக்குக் கணக்கு தோசைதான். சுவரில் கை ஏறும், மனதுக்குள் ஒரு தோசை தேய்ப்பேன், இறக்குவேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பத்து, மதியம் வந்து பத்து. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "பசிக்குது. பத்துல ஒண்ணையாச்சும் நெசமா சுடுங்க" என்பாள்.

சுவரில் விரல் எவ்வளவு தூரம் ஏறியது என்று அடையாளம் வைக்கப் பென்சிலால் கோடு போடப் போனேன். வீட்டுச் சொந்தக்காரர் வெள்ளையடித்த சுவர், கோடு போட்டால் சத்தம் போடுவார் என்று மனைவி தடுத்தாள். தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து என் நடுவிரல் நின்ற இடத்தில் ஒட்டினாள். முதல் பொட்டு என் வாய் உயரத்தில் இருந்தது. வாரத்துக்கு ஒன்று ஒட்டினோம். இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு மூக்கு, கண், நெற்றி. தீபாவளி முடிந்து குளிர் தொடங்கியபோது தலைக்கு மேலே போய்விட்டது. அவள் எட்ட முடியாமல் நாற்காலியில் ஏறி ஒட்டினாள். "இந்த வீட்டுல சுவத்துக்குத்தான் பொட்டு. நான் வெறும் நெத்தியோட திரியுறேன்" என்றாள்.

டெல்லிக் குளிரில் மூட்டு மறுபடி இறுகப் பார்த்தது. ஒத்தடத்தை இரண்டு வேளை ஆக்கினோம். டிசம்பரில் அந்தப் பெண், கை வந்துவிட்டது, இனி பலம் வர வேண்டும் என்றாள். அதற்கும் இரும்பு வேண்டியிருக்கவில்லை. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நெஞ்சைக் கொண்டுபோய்த் தள்ளி வருவது. ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை மஞ்சள் பையில் போட்டு, முழங்கை அளவுக்கு, பிறகு தோள் அளவுக்குத் தூக்குவது. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது. இந்தக் கடைசியில் மனைவியும் சேர்ந்துகொண்டாள். இருப்பது ஒரு நாற்காலி என்பதால் நான் எழுந்தால் அவள் உட்காருவாள். மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்பவள், மார்கழி பாதியில் அப்படிச் சொல்வதை நிறுத்தியிருந்தாள். நான் கவனித்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. என் வயிறும் ஒரு பெல்ட் ஓட்டை இறங்கியது. சர்க்கரையும் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்டது. டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், இன்னைக்குக் கல்லுல நில்லுங்க."

மெஸ் நிறைந்திருந்தது. பீகார்க்காரர் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அவருக்கும் அது என்ன நாள் என்று தெரியும். மரியாதையாக இரண்டடி தள்ளியே நின்றார். நான் முன்வரிசை மூன்றையும் ஊற்றினேன். அது பிரச்சினை இல்லை. பின்வரிசை இடது மூலைக்குக் கையை நீட்டினேன். போயிற்று. வட்டம் கொஞ்சம் கோணல், ஆனால் தோசை. நடு இடத்துக்குப் போயிற்று. அது நல்ல வட்டமாகவே வந்தது. வலது மூலைக்கு நீட்டினேன். கரண்டி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தேய்க்கக் கையை வெளிப்பக்கம் திருப்பியபோது தோள் நின்றுவிட்டது. இன்னும் ஒரு சாண் வேண்டும். அந்தச் சாண் இல்லை.

பின்னால் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். கரண்டியில் மாவு சொட்டுகிறது. நான் திரும்பி அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். "அண்ணாச்சி, அஞ்சுதான் வருது. அந்த மூலையில தேய்க்க முடியல" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவ்வளவு சத்தமாக நான் அந்த மெஸ்ஸில் பேசியதில்லை.

அவர் கல்லைப் பார்த்தார். என் தோளைப் பார்த்தார். பிறகு, "கரண்டி அங்க எட்டுதுல்லா?" என்றார்.

"எட்டுது. திருப்பத்தான் வரல."

"அப்ப அந்த மூலையில ஊத்தப்பம் ஊத்தும். அதத் தேய்க்க வேண்டாம்லா?"

"யாரும் ஊத்தப்பம் கேக்கலையே அண்ணாச்சி."

"நான் கேக்கேன். வெங்காயம் தூக்கலா போடும்."

ஊற்றினேன். பீகார்க்காரர் கேட்காமலே வெங்காயத்தை எடுத்து நீட்டினார். அண்ணாச்சி அடுப்படியிலேயே தட்டை வாங்கி நின்றபடி தின்றுவிட்டுக் கல்லாவுக்குப் போனார். அதற்குப் பிறகு பொங்கலைப் பற்றி அவர் பேசவே இல்லை. பீகார்க்காரருக்கு சாணக்யபுரிப் பக்கம் ஒரு விருந்தினர் மாளிகைக் கேண்டீனில் வேலை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். பீகார்க்காரர் போகிற அன்று என் தோளில் தட்டப் போய், நினைவு வந்து இடது தோளில் தட்டினார்.

இப்போது மெஸ்ஸில் ஊத்தப்பம் நன்றாகப் போகிறது. நான் பயிற்சியை விடவில்லை. அந்தச் சாணில் பாதி வந்துவிட்டது. மீதி வரலாம், வராமலும் போகலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். வந்த வரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். என்னைக் கல் முன்னால் திரும்ப நிறுத்த இத்தனை பேர் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், கையை விட மனசுதான் அதிகம் இளகிப்போகிறது. நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் இன்று மெஸ் விடுமுறையில், மனைவி வேலைக்குப் போன பிறகு, கட்டிலில் உட்கார்ந்து எழுதினேன்.

சித்திரை மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை.